மாட்டுக் கொட்டில், பிரீமியம்

வெள்ளையம்மாளின் முழங்கால் தேய்ந்துபோனதற்கு வயது காரணமல்ல, வீடுதான் காரணம் என்று விழுப்புரத்து எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். குந்தக் கூடாது, குனியக் கூடாது, படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்குக் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

கோலியனூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டு, கறவை மாடும் வைத்திருக்கிற வீட்டில் சும்மா இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கணவர் பச்சைமுத்து நல்ல மனிதர். "காலை நீட்டி ஒக்காரு வெள்ளையம்மா, டாக்டர் சொல்லிக்கிறாரு இல்ல?" என்று தினமும் அதட்டுவார். அவள் உட்காரப் போகும்போது, "ஒக்கார்றதுக்கு முன்னால அப்பிடியே ஒரு டீ" என்பார்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் கோபிக்கு இது தெரியும். வீட்டில் இருக்கும்வரை அம்மா ஓயமாட்டாள். ஆகவே அம்மாவை வீட்டிலிருந்து பிய்த்து எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்று அவனும் அவன் மனைவி ஆர்த்தியும் முடிவெடுத்தார்கள். திண்டிவனத்தில் 'பழந்தடம்' என்றொரு ஓட்டலில் இரண்டு நாளைக்கு அறை போட்டார்கள். கோபி போனில் அனுப்பிய படத்தில் ஒரு தூண் வைத்த வீடு, ஒரு பித்தளை அண்டா, கண்ணை மூடிச் சிரிக்கும் ஒரு பெண். கீழே, 'சரித்திரச் சின்னங்களின் மடியில் ஒரு பொட்டிக் ஸ்டே' என்று போட்டிருந்தது.

"பொட்டிக் கடையிலயாடா தங்கச் சொல்ற?" என்றார் பச்சைமுத்து.

"பொட்டிக்குப்பா. சின்னதா, ஸ்பெஷலா, எல்லாம் பாத்துப் பாத்துச் செய்வாங்க."

"பொட்டிக் கடையும் அப்பிடித்தானடா."

"அப்பா, அம்மா அங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது. அவ்ளோதான். சந்தோசமாப் போய்ட்டு வாங்க."

வெள்ளையம்மாளுக்கு உள்ளுக்குள் ஆசைதான். கல்யாணமான நாள் முதல் அவள் வெளியே தங்கியதெல்லாம் ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும்தான். படுத்த இடத்துக்குக் காபி வரும், ஏசி ஓடும், எச்சில் தட்டை யாரோ எடுத்துப் போவார்கள் என்று டிவி சீரியலில் பார்த்திருக்கிறாள். மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, நல்ல புடவையாக ஒன்று உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

பழந்தடம் கட்டி மூன்று வருடம் ஆகிறது. ஆனால் அது நானூறு வருடப் பழமை. முதலாளி தேவா, நெடுஞ்சாலை ஓரம் மனை போட்டு விற்றவர். விற்காமல் நின்ற ஒரு மனையில் ஏதாவது செய்ய வேண்டுமே என்று யோசித்து, சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து ஒரு பழைய வீட்டைப் புதிதாகக் கட்டினார். சுவருக்கு டிகாக்ஷன் நிறத்தில் கறை ஏற்றினார்கள். தேவையான இடங்களில் விரிசல் வரைந்தார்கள். தானாக விழுந்த ஒரே விரிசலை மட்டும், அது டிசைனில் இல்லாததால், சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார்கள்.

வாசலில் கைத்தறிப் புடவையும் காதில் பெரிய மரத் தோடுமாக ஓர் இளம்பெண் நின்று கும்பிட்டாள். "உங்கள் வேர்களுக்கு நல்வரவு. நான் கலைப்பிரியா. உங்க அனுபவக் காப்பாளர்."

"இன்னா பாளருமா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"அனுபவக் காப்பாளர். இங்க நீங்க தங்கப் போறதில்ல. அனுபவிக்கப் போறீங்க." இதற்கென்றே பெங்களூரில் படித்துவிட்டு வந்தவள் அவள். சொன்னதை முழுதாக நம்பித்தான் சொன்னாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் விண்விண்ணென்று தெறித்தது. வெள்ளையம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஒக்கார ஒரு சேரு இருந்தா போடும்மா."

கலைப்பிரியா முகத்தில் மெல்லிய வருத்தம் படர்ந்தது. "நாற்காலி இங்க கிடையாதும்மா. நாற்காலி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. நம்ம முன்னோர்கள் தரையிலதான் உட்கார்ந்தாங்க. அதனாலதான் அவங்களுக்கு மூட்டு வலியே வரலை."

வெள்ளையம்மாளுக்குத் தெரிந்த முன்னோர்கள் எல்லாருக்கும் மூட்டு வலி இருந்தது. ஆனால் படித்த பெண் சொல்கிறாள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூண் 'டொங்' என்றது. உள்ளே ஒன்றுமில்லை.

அடுத்து இருவருடைய போனையும் வாங்கி ஒரு மண் கலயத்துக்குள் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார்கள். அதற்கு டிஜிட்டல் நோன்பு என்று பெயர். "மல்லாட்ட வெல பாக்கணுமே" என்றார் பச்சைமுத்து. "விலையை மறங்க, மல்லாட்டையை உணருங்க" என்றாள் கலைப்பிரியா.

பழந்தடத்தில் அறைகளுக்கு எண் இல்லை. நெற்களம், குதிர், கிணற்றடி என்று பெயர்தான். "கோபி சார் உங்களுக்கு இருக்கறதுலயே பெஸ்ட் ரூம் போட்டிருக்கார். மாட்டுக் கொட்டில், பிரீமியம். மாடியில இருக்கு."

பச்சைமுத்து அண்ணாந்து பார்த்தார். "மாடு எப்பிடிம்மா மாடி ஏறிச்சி?"

"வியூக்காக சார்."

"லிப்டு கீதா?"

"நானூறு வருசப் பழமைல லிஃப்ட் எப்படி சார்?"

அது நியாயமாகப் பட்டது. வெள்ளையம்மாள் கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாக, ஒரு காலை வைத்து மறு காலை அதன் பக்கத்தில் சேர்த்து, மாட்டுக் கொட்டிலுக்கு ஏறினாள். அறையில் கட்டில் இல்லை. கோரைப்பாய் இருந்தது, தலைக்கு ஒரு மணைக்கட்டை இருந்தது. கை கழுவும் இடம் மாட்டுத் தொட்டி வடிவில் இருந்தது. சுவரில் மூக்கணாங்கயிறு அலங்காரமாகத் தொங்கியது. மூலையில் ஒரு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"இன்னா வாசன இது?" என்று மூக்கைச் சுளித்தாள்.

"சாணம்மா. ஆர்கானிக். ஊதுபத்தியாப் பண்ணித் தர்றாங்க, ஃபாரின் கெஸ்ட்ஸ் எல்லாம் வாங்கிக்கிட்டுப் போறாங்க."

குளியலறைக் கதவைத் திறந்து பார்த்த வெள்ளையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். குந்தும் கக்கூஸ். அவள் முட்டிக்காகப் போன வருடம்தான் வீட்டில் கோபி நாற்காலி மாதிரி கக்கூஸ் வைத்துக் கொடுத்திருந்தான். டைல்ஸ் தரை, கிரைண்டர், வாஷிங்மிஷின் எல்லாம் அவன் போட்டுக் கொடுத்ததுதான். கறவை மாட்டுக்குக்கூடக் கொட்டகையில் ஃபேன் ஓடுகிறது.

"இங்க ஃபேனு?" என்றார் பச்சைமுத்து.

கலைப்பிரியா ஜன்னலைத் திறந்து காட்டினாள். பைபாஸ் ரோட்டில் லாரி போனது. "இயற்கைக் காற்று."

அவள் போனதும் பச்சைமுத்து மெதுவாகச் சொன்னார்: "நம்ம மாட்ட இங்க இட்டாந்து கட்டினா, கவுத்த அறுத்துக்கினு ஊட்டுக்கு ஓடிரும்."

"கம்முனு இருங்க. புள்ள ஆசப்பட்டு அனுப்பிக்கிறான்" என்றாள் வெள்ளையம்மாள்.

சாயங்காலம் சரித்திர நடை. செஞ்சிக் கோட்டை பழந்தடத்திலிருந்து சில நிமிடங்களில் என்று விளம்பரத்தில் இருந்தது. எதில் போனால் சில நிமிடங்கள் என்று அதில் இல்லை. ஆகவே நடந்து போகும் தூரத்தில் உள்ள சரித்திரத்தை ஓட்டல் தானே ஏற்பாடு செய்திருந்தது. முதல் சின்னம், மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க். "எத்தனை பயணிகள் இங்க தாகம் தணிச்சிருப்பாங்க!" என்றாள் கலைப்பிரியா. இரண்டாவது, பேரூராட்சியோ நகராட்சியோ எப்போதோ கைவிட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது, சாலையோரம் பாதி புதைந்த ஒரு மைல்கல். அதைச் சுற்றி வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது.

"இந்தக் கல்லு மேல எந்தெந்த மன்னர்கள் உட்கார்ந்து இளைப்பாறினாங்களோ, யாருக்குத் தெரியும்?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டாள்.

வெள்ளையம்மாள் கயிற்றைத் தாண்டிக் கல்லில் உட்காரப் போனாள்.

"அம்மா! தொடக் கூடாது!"

"மன்னருங்கோ ஒக்காந்தாங்கன்னியேம்மா."

"அவங்க மன்னர்கள்மா."

திரும்பி வந்ததும் மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். கோட்டைக் காட்சி அங்கேதான். மேற்கே பார்க்க நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னார்கள்.

"கண்ண மூடினா கோட்ட எப்பிடிமா தெரியும்?" என்றார் பச்சைமுத்து.

"திறந்தாலும் தெரியாது சார். ரொம்ப தூரம். அதனாலதான் மூடச் சொல்றோம்."

வெள்ளையம்மாள் கண்ணை மூடினாள். அவளுக்குக் கோட்டை தெரியவில்லை. ஒரு கட்டில் தெரிந்தது. அதன்மேல் மெத்தை இருந்தது.

அன்று இரவு அவள் அந்தப் பாயில் புரண்டதையும், குளியலறைக்குப் போய்வர அவளைக் கணவர் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தியதையும் விவரிப்பது அழகல்ல. விடியும் முன்னால் ஒலிபெருக்கியில் சேவல் கூவியது. இரண்டு முறை கூவிவிட்டு, நடுவில் ஒரு விளம்பரம் போட்டுவிட்டு, மறுபடி கூவியது.

கீழே முற்றத்தில் 'உழைப்பே ஓய்வு' என்று கோலமாவில் எழுதியிருந்தது. கலைப்பிரியா முகம் கழுவின தாமரை போல நின்றாள். "இன்னிக்கு நமக்கு ரொம்ப முக்கியமான நாள். மரபுத் தங்குமிடத் தரச் சபை இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாங்க. வைகறை அனுபவத்தை ஆரம்பிச்சிடலாம்."

"மொதல்ல ஒரு காபி குடும்மா" என்றாள் வெள்ளையம்மாள்.

"வியர்வைக்குப் பிறகுதான்மா உணவு. அதுதான் நம்ம கான்செப்ட்."

அந்த ஓட்டலில் வேறு விருந்தினர் யாரும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குதிர் அறையில் இருந்த சென்னைக் குடும்பம் முதல் நாள் கூழ் அனுபவத்துக்குப் பிறகு புதுச்சேரிக்குத் தப்பிப் போயிருந்தது. ஆகவே எல்லா அனுபவமும் இவர்கள் இருவருக்கே கிடைத்தது.

பச்சைமுத்துவை ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள் இறக்கி, நாற்று நடச் சொன்னார்கள். ஒரு சின்ன அறை அளவுதான் தொட்டி; உள்ளே சேறும் தண்ணீரும். ஒரு விருந்தினர் நட்டதைச் சாயங்காலம் பிடுங்கி மறுநாள் அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். பல மாதங்களாக நட்டும் பிடுங்கியும் வந்ததில் அந்த நாற்றுகளுக்கு நெல் என்பது ஒரு வதந்தியாகிவிட்டிருந்தது. பச்சைமுத்து ஆயுள் முழுக்க விவசாயிதான். ஆனால் நடவு பெண்கள் வேலை. வரப்பில் நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. இரண்டு வரிசை நட்டு நிமிர முயன்றார். இடுப்பு வரமாட்டேன் என்றது.

"வெள்ளையம்மா, இது இவ்ளோ வலிக்குமா?" என்றார் தொட்டிக்குள்ளிருந்து.

"ஏன், நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க, இத்தினி வருசமா?" என்றாள் அவள்.

அவளுக்குத் திருகை. கேப்பையைக் கொட்டி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து அரைக்க வேண்டும். அவள் இரண்டு காலையும் நீட்டி, சுவரில் சாய்ந்து, பிடியை ஒரு சுற்று சுற்றினாள்.

"இல்லம்மா, தப்பு" என்றாள் கலைப்பிரியா. "தோள்லேர்ந்து வரணும். மூச்சை இழுத்துச் சுத்தணும், விட்டு நிறுத்தணும். இப்படி." அவள் மண்டியிட்டுச் செய்து காட்டினாள். கேப்பை தரையெல்லாம் தெறித்தது. "பாத்தீங்களா, எவ்ளோ ரிலாக்ஸ்டா இருக்கு?"

"எங்க ஊட்ல மிஷின்ல குடுத்துருவோம்மா."

கலைப்பிரியா அவளை ஆறுதலாகத் தொட்டாள். "அதான் கை மறந்துபோச்சு. நாங்க மீட்டுத் தர்றோம்."

மல்லாட்டை உரிக்கும் தியானமும் உண்டு. ஒரு மூட்டை மல்லாட்டையை நடுவில் கொட்டி, ஒவ்வொரு தோலை உடைக்கும்போதும் ஒரு கவலையை உடைப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். உரித்த பருப்பு வாசல் கடையில் சின்னத் துணிப்பையில் 'மனநிறைவு மல்லாட்டை' என்று விற்பனைக்குப் போகும். மூட்டையில் முக்கால்வாசி உடைந்தபோதுதான் கார்கள் வந்தன. கவலை அப்படியே இருந்தது.

சபை ஏசி காரில் வந்து இறங்கியது. அது அரசாங்கத்தைச் சேர்ந்ததா, தனியாருடையதா என்பது சபை உறுப்பினர்களுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் சபைக்கு லெட்டர்பேடு இருந்தது, லெட்டர்பேடில் யாளி இருந்தது. தலைவர் முனைவர் இனியவன் பட்டு ஜிப்பாவில் வந்தார். அவர் பின்னால் உறுப்பினர்கள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். ஆட்ட ஒன்றும் சொல்லப்படாதபோதும் ஆட்டினார்கள்.

சபைக்கு மட்டும் நாற்காலி விதிவிலக்கு. கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்பு வெல்வெட் நாற்காலிகளைத் தேவா வரவழைத்திருந்தார். நடுவில், மணமக்கள் உட்காரும் தங்க முலாம் பூசிய பெரிய ஆசனம். முனைவர் இனியவன் அதில் அமர்ந்து, இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு, முதுகைச் சாய்த்து, "ஆகா, மண்ணின் மணம்" என்றார்.

வெள்ளையம்மாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வியர்வை போதவில்லை என்று கூழ் தாமதமாகிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள் என்று எழுந்து, சுவரோரம் நின்றாள். முட்டி வீங்கிப் புடவைக்கு மேலேயே தெரிந்தது.

தலைவர் அவளையும் சேற்றுக் காலோடு நின்ற பச்சைமுத்துவையும் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். உறுப்பினர்கள் காதில் ஏதோ சொன்னார். பிறகு தேவாவிடம் திரும்பி, "இவங்க விருந்தினரா, நீங்க ஏற்பாடு பண்ணின ஆளுங்களா?" என்றார்.

"விருந்தினர் சார். கோலியனூர் பக்கம். நெஜ விவசாயக் குடும்பம்."

"நம்பும்படி இல்லையே. அந்தம்மா மல்லாட்டை உரிக்கறதைப் பாத்தேன். கையில இயல்பு இல்லை. அவர் நடவு வரிசை கோணல். கிராமிய வாடையே இல்லாம இருக்காங்க. பரவாயில்லை, பயிற்சி கொடுங்க." பின்னர் எழுந்து மைக் முன் போனார்.

"அன்பர்களே, மரபு என்றால் என்ன? பலர் அதை வாழ்வது என்று நினைக்கிறார்கள். தவறு. மரபு என்பது பிறர் வாழ, நாம் பார்ப்பது. நான் சென்னையில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறேன். ஏசி உண்டு, லிஃப்ட் உண்டு. ஏன்? மண்ணிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால்தான் மண்ணைப் பற்றி எழுத முடிகிறது. காலில் ஒட்டிக்கொண்டால் கழுவத்தான் தோன்றும். எனக்கும் மூட்டு வலி உண்டு. மருத்துவர் குந்தக் கூடாது என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன்: குந்துவதன் பெருமையை உலகறியச் செய்வேன் என்று! நான் குந்த முடியாவிட்டால் என்ன? இந்த நாட்டில் குந்துவதற்கு ஆளா இல்லை?"

கைதட்டல் எழுந்தது. தேவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்று நம் தாய்மார்கள் மிக்ஸி போடுகிறார்கள். கட்டிலில் படுக்கிறார்கள்! அவர்கள் உட்கார்ந்துவிட்டால் மரபு எழுந்து போய்விடும். ஆகவே..."

வெள்ளையம்மாள் சுவரைவிட்டுக் கிளம்பியதை முதலில் பார்த்தவர் பச்சைமுத்துதான். விழப்போகிறாள் என்று ஓர் எட்டு எடுத்து வைத்தார். அவள் விழவில்லை. ஒரு காலை இழுத்துக்கொண்டு, முற்றத்தைக் குறுக்கே கடந்து, வெல்வெட் வரிசைக்குப் போய், நடுவிலிருந்த தங்க ஆசனத்தில் திரும்பி, இரண்டு கையையும் ஊன்றி, 'அப்பா' என்று உட்கார்ந்தாள். பிறகு வலது காலை எடுத்துப் பக்கத்து நாற்காலியில், உறுப்பினர் ஒருவரின் தோள்பையை நகர்த்திவிட்டு, நீட்டினாள்.

தேவா பாய்ந்து வந்தார். "அம்மா, அம்மா, அது தலைவர் சீட்டு!"

"தெரியும்யா. அதான் மெத்துனு கீது."

"எழுந்திரிங்கம்மா, ப்ளீஸ்."

"என்னால முடியாதுய்யா. தூக்கறதுன்னா நாலு பேரா வந்து தூக்கு."

சபையோடு வந்த போட்டோகிராபர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கால் வீங்கின ஒரு பெண்ணை மரபுச் சபை நாற்காலியிலிருந்து தூக்குவதுபோலப் படம் வந்தால் நன்றாயிருக்காது என்று ஓர் உறுப்பினர் கிசுகிசுத்தார். தலைவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு உட்கார இடமில்லை. நிற்க நிற்க அவருடைய மூட்டும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பொன்னாடைத் தட்டோடு வந்த ஊழியர் உள்ளே நுழைந்தார். நடு நாற்காலியில் இருப்பவருக்குப் போர்த்த வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு. நடு நாற்காலியில் இருந்தவருக்குப் போர்த்தினார். எல்லாரும் பழக்கத்தில் கைதட்டினார்கள். கைதட்டல் விழுந்ததும் மைக்செட்டுக்காரர், பழக்கத்தில், தலைவர் கையிலிருந்து மைக்கை வாங்கி வெள்ளையம்மாளிடம் நீட்டினார்.

அவள் மைக்கைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசையில்லை. ஆனால் கேட்டார்கள் என்றால் சொல்வதற்கு விஷயம் இருந்தது.

"ரூமுல ஒரு கட்டிலு போடுங்க. ஒக்கார்ற மாரி கக்கூஸு ஒண்ணு வைங்க. காலையில வந்தவங்களுக்கு மொதல்ல ஒரு காபி குடுங்க. வேல செய்யறதுக்கு எங்களுக்கு ஊட்லயே எடம் கீது. வேற ஒண்ணியும் இல்ல."

தேவா தலையில் கை வைத்துக்கொண்டார். முனைவர் இனியவனின் முகம் சிவந்தது, வெளுத்தது, பிறகு சட்டென்று மலர்ந்தது. சபையில் யார் பேசினாலும் அதற்குப் பொழிப்புரை சொல்லிப் பழகியவர் அவர். இன்னொரு மைக்கை வாங்கினார்.

"கவனித்தீர்களா? கட்டில் என்றார் அம்மையார்! வெறும் கட்டிலா அது? அரசுகட்டில்! முரசுகட்டில்! மன்னரும் முரசும் வீற்றிருந்ததைக் குறித்த பழந்தமிழ்ச் சொல் ஒரு கிராமத்துத் தாயின் நாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நான் சந்தேகப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இவர் அசல்! இப்படிப்பட்ட விருந்தினரை ஈர்க்கும் இந்த விடுதிக்கு உயர்தர மரபுச் சான்று வழங்குவதில் சபை பெருமை கொள்கிறது!"

தேவா ஓடிவந்து வெள்ளையம்மாளின் காலில் விழுந்தார். வலிக்கிற காலில் விழுந்ததால் அவள் அலறினாள். அதையும் படம் எடுத்தார்கள். மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அரசுகட்டில் செய்து வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, யாரும் உட்காராமல் பாதுகாக்கப்போவதாகத் தேவா அங்கேயே அறிவித்தார். கலைப்பிரியா உண்மையாகவே அழுதாள். "நீங்க இவ்ளோ ஆழமானவங்கன்னு தெரியாமப் போச்சும்மா" என்றாள். "கூழ் கொண்டுவரவா? வியர்வையை விட்டுடலாம், உங்களுக்கு மட்டும்."

"போன குடும்மா. கெளம்பறோம்" என்றார் பச்சைமுத்து.

"இன்னும் ஒரு நாள் இருக்கே சார்? மதியம் வறட்டி தட்டும் அனுபவம் இருக்கு."

பச்சைமுத்துவே போய்க் கலயத்தின் மஞ்சள் துணியை அவிழ்த்து, போன்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாட்டுக் கொட்டிலுக்கு ஏறிப் பையைத் தூக்கி வந்தார். பிறகு மனைவியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடத்தினார். ஊரில் நாலு பேர் பார்க்க அவர் அவளைத் தொட்டு நடந்ததே இல்லை. இங்கே நாலு பேர் படமே எடுத்தார்கள்; அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆட்டோவில் ஏறினதும் டிரைவர், "எங்கங்க, பஸ் ஸ்டாண்டா?" என்றார்.

பஸ் ஸ்டாண்டு என்றால் கோலியனூர். கோலியனூர் என்றால் வீடு. வீடு என்றால் மாடு, அடுப்பு, களம். பச்சைமுத்து மனைவியின் முட்டியைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டாண்ட நல்லதா லாட்ஜி எதுனா கீதா?" என்றார்.

வெள்ளையம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

லாட்ஜ் கவுண்டரில் இருந்த ராயப்பன், நடுத்தர வயது மனிதர், இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். ஒருத்தி தோளில் ஜரிகைப் பொன்னாடை, ஒருவர் காலில் காய்ந்த சேறு.

"விசேசத்துக்கு வந்தீங்களா, நடவுக்கு வந்தீங்களா?"

"ரெண்டும் ஆயிப்போச்சி" என்றார் பச்சைமுத்து. "ரூம்பு வேணும்."

"ஏசியா, நான் ஏசியா?"

"ஏசி."

"வெஸ்டர்னா, இண்டியனா?"

"வெஸ்டர்னு" என்றாள் வெள்ளையம்மாள், கணவர் வாயைத் திறக்கும் முன்.

"லிப்டு கீதுங்க. ஆனா கொஞ்சம் பழசு, கடகடங்கும், பயந்துக்காதீங்க" என்று ராயப்பன் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். "மத்தபடி எங்களாண்ட ஸ்பெஷல்னு ஒண்ணியும் கெடையாது."

அறையில் கட்டில் இருந்தது. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம், அதற்கு முன் படுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து போட்டது. ஜன்னலுக்கு வெளியே சென்னை பஸ்கள் ஹாரன் அடித்தன. வெள்ளையம்மாள் அந்தப் பள்ளத்தில் மெதுவாகச் சரிந்தாள். பச்சைமுத்து இரண்டு தலையணையையும் எடுத்து அவள் முழங்காலுக்குக் கீழே வைத்தார். ஏசியைப் போட்டார். பிறகு கீழே போய்ப் பூரியும் காபியும் வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, இலையை மெத்தைமேலேயே அவள் கைக்கு எட்ட வைத்து, கிழங்கைப் பூரியின் பக்கத்தில் ஒதுக்கி வைத்தார். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே கிழங்கு பாதி விரிப்பில் விழுந்தது.

"இன்னும் ஒரு பூரி வாங்கியாரவா?"

"வேணாம். நீங்க துண்ணீங்களா?"

"நான் அப்பால துண்றேன். நீ துண்ணு."

அவள் தின்றுவிட்டு, கை கழுவக்கூட எழாமல், அவர் நீட்டிய ஈரத் துண்டில் துடைத்துக்கொண்டு மல்லாந்தாள். அப்போது போன் அடித்தது. கோபி. அவள் கையை நீட்டினாள். பச்சைமுத்து போனை எட்டாத பக்கம் நகர்த்தி, தானே எடுத்தார்.

"அப்பா! நேத்துலேர்ந்து லைனே கெடைக்கல. அம்மா எங்க? குடுங்க."

பச்சைமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்துகொண்டு, வேண்டாம், ஓட்டல் கதையைச் சொல்லாதீர்கள், பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று தலையை ஆட்டினாள்.

"உங்கம்மா தூங்குறாடா" என்றார்.

"பகல்லயா?" என்றான் கோபி. அவன் குரல் மாறியிருந்தது. "அம்மா பகல்ல தூங்குதா? ஏம்ப்பா, ஒடம்பு எதுனா சரியில்லையா? நான் கெளம்பி வரவா?"

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்லடா. சும்மாதான் தூங்குறா."

"சும்மாவா?"

"சும்மாதான். எழுப்ப மாட்டேன், போன வை."

கணவர் பெரியவர், அவர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று வெள்ளையம்மாள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிருந்துவிட்டுத் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வெளியே ஒரு பஸ் கண்டக்டர், "விழுப்புரம், விழுப்புரம்" என்று கூவிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் கூவியது அவளுக்குக் கேட்கவில்லை.